11,937-இல் நிற்கும் அப்பா: சீட்டாட்டத்துக்கு விடை சொல்லும் மென்பொருளால் பயன் உண்டா?

மலையடிவாரம் (இழையைத் தொடங்கியவர்)
ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். தலைப்பைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். எங்கள் வீட்டில் இது நிஜமாகவே தலைவலியாகிவிட்டது.

அப்பா ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கராக இருந்து 2009-இல் ஓய்வு பெற்றார். ஆபீஸில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை விலைக்கு வாங்கி வந்தார். விண்டோஸ் எக்ஸ்பி, இணையம் கிடையாது. அதிலுள்ள ஃப்ரீசெல் என்ற தனியாள் சீட்டாட்டத்தை (பத்திகளில் கிடக்கும் சீட்டுகளை இனவாரியாக ஏஸிலிருந்து வரிசையாக மேலே ஏற்ற வேண்டும்) எண் கொடுத்து, ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பரப்பாக, ஆடலாம் என்று கண்டுபிடித்த நாளிலிருந்து வந்தது வினை. 2010 பொங்கலன்று 1-ஆம் எண்ணில் தொடங்கினார். காலைக் காப்பிக்குப் பிறகு ஒன்று, சாயங்காலம் ஒன்று, மழை பிடித்துக்கொண்டால் மூன்று, நான்கு. ஓர் ஆட்டத்தை ஜெயிக்காமல் அடுத்த எண்ணுக்குப் போக மாட்டார். நீள நோட்டில் ஆட்ட எண், தேதி, எத்தனையாவது முயற்சியில் முடிந்தது என்று மூன்று கட்டம் போட்டு எழுதி வருகிறார். இது ஏழாவது நோட்டு.

இப்போது 11,937-இல் நிற்கிறார். ஒன்பது நாளாகிறது. சாப்பாட்டில் மனம் இல்லை. அம்மா போனில், “அந்தப் பெட்டியைத் தூக்கி ஏரியில் போட்டுவிட்டு வா” என்கிறாள்.

நான் சேலத்தில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமைதான் மேலே போக முடியும். இந்த மாதிரி ஆட்டங்களுக்கு விடை கண்டு சொல்லும் மென்பொருள் இருக்கிறது, சால்வர் என்பார்கள் என்று கேள்விப்பட்டேன். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் உதவுமா, இல்லை இருக்கிற ஒரு பொழுதுபோக்கையும் கெடுத்துவிடுமா? உண்மையில் பயன்படுத்தியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

தறிச்சத்தம்
ஞாயிறு, இரவு 10.05

வேண்டாம் அம்மா. விடுகதை போட்டுவிட்டு விடையையும் காதில் ஓதுகிற வேலை இது.

எனக்கு அம்மாபேட்டையில் விசைத்தறி. கரண்ட் போனால் தறி நிற்கும், சீட்டுக்கட்டு வெளியே வரும். நாற்பது வருடமாக நான்கு பேர் சேர்ந்தால் ரம்மி, தனியாக இருந்தால் தனியாட்டம். எத்தனையோ ஆட்டம் முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. கலைத்துப் போட்டுவிட்டு அடுத்ததை ஆடுவேன். உங்கள் அப்பா கலைக்கவில்லை, ஒன்பது நாளாக மல்லுக்கட்டுகிறார். அவருக்கு அதுதான் சுகம். இழை சிக்கியவுடன் கத்தரிக்கோலை நீட்டுகிறவன் தறிக்காரன் இல்லை.

கொலுசுப்பட்டறை
ஞாயிறு, இரவு 10.11

ஒன்பது நாளா? செவ்வாய்ப்பேட்டையில் அதற்குள் ஒரு ஆர்டரே முடிந்து பாலிஷுக்குப் போயிருக்கும்.

நிரலன்
ஞாயிறு, இரவு 11.20

அக்கா, முதலில் நல்ல சேதி. 11,937-க்கு விடை இருக்கிறது. இப்போதுதான் ஓட்டிப் பார்த்தேன், கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டது. விடையை இங்கே ஒட்ட மாட்டேன். தறிக்கார அண்ணன் அடிக்க வருவார்.

நான் பயன்படுத்துவது ‘ஃப்ரீசெல் சால்வர்’. ஷ்லோமி ஃபிஷ் என்ற இஸ்ரேல்காரர் 2000-இல் எழுதத் தொடங்கியது. இலவசம், மூலநிரலும் திறந்தே இருக்கிறது. பழைய மைக்ரோசாஃப்ட் ஆட்டமாக இருந்தால் சீட்டுகளைத் தட்டச்சு செய்யக்கூட வேண்டாம், எண் போதும். ஏனென்றால் அந்த ஆட்டம் உண்மையில் சீட்டைக் குலுக்குவதே இல்லை. கொடுத்த எண்ணை 214013-ஆல் பெருக்கி 2531011-ஐக் கூட்டி, வந்த விடையையே மறுபடி பெருக்கிக் கூட்டி, அதிலிருந்து ஒவ்வொரு சீட்டாகப் பொறுக்கிப் போடுகிறது. அதே கணக்கை எங்கே போட்டாலும் அதே பரப்புதான் வரும். உங்கள் அப்பாவின் 11,937-உம் என் 11,937-உம் ஒன்றே.

எப்படி விடை காண்கிறது என்றால், ஒன்றும் மாயமில்லை. நகர்த்த முடிந்ததை எல்லாம் நகர்த்திப் பார்க்கும். முட்டினால் பின்வாங்கும். ஒருமுறை பார்த்த நிலையைக் குறித்து வைத்துக்கொண்டு மறுபடி அந்தப் பக்கம் போகாது. ஃப்ரீசெல்லில் 52 சீட்டும் முகத்தைக் காட்டிக்கொண்டே கிடப்பதால் இந்த முறை நன்றாகச் செல்லுபடியாகிறது.

பயன் உண்டா என்று கேட்டீர்கள். ஆட்டத்துக்கு முன்னால் அதைத் திறந்தால் பயன் இல்லை, கேடுதான். சொன்னபடி நூறு முறை சுட்டியை அமுக்கிக்கொண்டிருப்பீர்கள். கடைசியில் சீட்டெல்லாம் மேலே ஏறும், உங்களுக்கு ஒன்றும் ஏறியிருக்காது. தோற்ற பிறகு திறந்தால் கதையே வேறு.

அஸ்தம்பட்டி வாத்தியார்
திங்கள், காலை 6.15

நான் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கும் இந்த ஆட்டப் பைத்தியம் உண்டு என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

பாடநூலின் கடைசிப் பக்கத்தில் விடை மட்டும் இருக்கும், வழி இருக்காது. சால்வர் அதற்கு நேர்மாறு. வழி முழுவதையும் வரி வரியாகக் கொடுத்துவிடும், காரணம் மட்டும் இருக்காது. ஓர் உதாரணம் காட்டுகிறேன். 617-ஆம் எண்ணைத் திறந்து பாருங்கள்.

நான்கு ஏஸும் அடியோடு அடியாகப் புதைந்து கிடக்கும். டைமன் ஏஸ் இரண்டாம் பத்தியின் அடிமட்டத்தில், மேலே ஆறு சீட்டு. ஆட்டின் (ஹார்ட்) ஏஸ் எட்டாம் பத்தியின் அடிமட்டத்தில், மேலே ஐந்து. கிளாவர் ஏஸ் நான்காம் பத்தியில், இஸ்பேடு ஏஸ் ஏழாம் பத்தியில், இரண்டும் அடியிலிருந்து இரண்டாவதாக. எதையாவது தோண்டி எடுத்தே தீர வேண்டும்.

இப்போது உச்சியைப் பாருங்கள். எட்டாம் பத்தியின் உச்சியில் ஆட்டின் ராணி. அவளை ஏற்றி வைக்க இரண்டு கறுப்பு ராஜாக்கள் காத்திருக்கிறார்கள்: இரண்டாம் பத்தியில் இஸ்பேடு ராஜா, மூன்றாம் பத்தியில் கிளாவர் ராஜா. யார் மேல் ஏற்றுவது? இஸ்பேடு ராஜா மேல் ஏற்றினால் அடியிலுள்ள டைமன் ஏஸின் தலையில் இன்னொரு கல். சரி, கிளாவர் ராஜா மேல் ஏற்றலாம் என்றால், அவருக்கு நேர் கீழே ஆட்டின் 2 இருக்கிறது. அதற்கும் கீழே ஆட்டின் 3. ஆட்டின் ஏஸைத் தோண்டுவதற்காக ராணியை நகர்த்திவிட்டு, அந்த ஏஸுக்கு அடுத்தபடி வேண்டிய சீட்டையே மூடி வைக்கிறோம். எந்தப் பக்கம் போனாலும் ஒரு வலி. ஐந்தாம் பத்தியின் உச்சியிலுள்ள கிளாவர் ஜாக்கி வேறு, ராணி எங்கே போனாலும் பின்னாலேயே வந்து உட்காரத் தயாராக இருக்கிறார்.

இந்த இடத்தில் அரை மணி நேரம் நாற்காலியில் சாய்ந்து யோசிப்பதுதான் ஆட்டம். சால்வர் இரண்டில் ஒன்றைச் செய்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். ‘ஏன் அந்த ராஜா?’ என்று கேட்டால் பதில் கிடையாது. அதற்கே தெரியாது, அந்தப் பக்கம் போனது, வழி திறந்தது, அவ்வளவுதான். பல சமயம் அது காட்டும் வழி கன்னங்குறிச்சிக்குப் போகக் கொண்டலாம்பட்டியைச் சுற்றுகிற மாதிரி இருக்கும். சீட்டை இங்கே வைக்கும், எடுக்கும், மறுபடி அங்கேயே வைக்கும். கற்றுக்கொள்ள நினைப்பவர் அதைப் பார்த்தால் கெட்ட பழக்கம்தான் வரும்.

மலையடிவாரம்
திங்கள், காலை 8.30

617! ஐயா, அந்த எண் எங்கள் வீட்டில் பிரசித்தம். முதல் நோட்டில் அந்த வரிக்கு எதிரே ‘23-ஆவது முயற்சி’ என்று சிவப்பு மையில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார். அன்றைக்கு வீட்டில் கேசரி.

நிரலன்
திங்கள், பகல் 1.10

வாத்தியார் ஐயா சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். காரணம் சொல்லாது. ஆனால் ஒரு கேள்விக்கு மட்டும் அது ராஜா: ‘இந்த நிலையிலிருந்து இன்னும் ஜெயிக்க முடியுமா?’

ஆட்டத்தின் நடுவில் நிற்கும்போது, பத்திகளில் இருப்பது, காலியறைகளில் (சீட்டைத் தற்காலிகமாக ஒதுக்கி வைக்கும் நான்கு இடங்கள்) இருப்பது, மேலே ஏறியது எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தால் பதில் சொல்லும். பத்தாவது நகர்வுக்குப் பிந்தைய நிலையைக் கொடுங்கள், ‘முடியும்’ என்னும். பதினைந்தாவது நகர்வுக்குப் பிந்தையதைக் கொடுங்கள், ‘முடியாது’ என்னும். அப்படியானால் தவறு அந்த ஐந்துக்குள் இருக்கிறது. நடுவில் ஒன்றைக் கொடுத்தால் இன்னும் நெருங்கலாம். லினக்ஸில் வரும் கேபேஷன்ஸ் ஆட்டத்தில் இந்த வேலை உள்ளேயே நடக்கிறது. நீங்கள் ஆட ஆட, ‘இனி ஜெயிக்க முடியாது’ என்று கீழே ஓர் எழுத்து மாறும். அதைப் பார்த்துக்கொண்டே ஆடுவது எனக்குப் பிடிக்காது, முதுகுக்குப் பின்னால் ஒருவர் நின்றுகொண்டு ‘உச்’ கொட்டுகிற மாதிரி இருக்கும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். சால்வர் கையை விரிக்கும்போது அதில் இரண்டு வகை உண்டு. எல்லா வழியையும் பார்த்துத் தீர்த்துவிட்டு ‘இல்லை’ என்பது ஒன்று. கொடுத்த வரம்புக்குள் தேடிக் களைத்துப்போய் ‘வரம்பு தாண்டிவிட்டது’ என்பது இன்னொன்று. முதலாவது தீர்ப்பு. இரண்டாவது வெறும் வாய்தா. பலர் வாய்தாவைத் தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டு ஜெயிக்கக்கூடிய ஆட்டத்தைக் கலைத்துவிடுகிறார்கள்.

தறிச்சத்தம்
திங்கள், இரவு 9.00

கையில் சீட்டை வைத்து ஆடுகிறவன் என்ன செய்வானாம்? 52 சீட்டையும் உட்கார்ந்து தட்டச்சு செய்வானா? அதற்குள் கரண்ட் வந்துவிடும்.

நிரலன்
திங்கள், இரவு 9.25

அண்ணா, ஒரு பரப்பை எழுத மூன்று நிமிடம் ஆகிறது. ஒரு சீட்டை இரண்டு முறை எழுதிவிட்டு, தவறு எங்கே என்று தேடப் பத்து நிமிடம். அதில் நீங்கள் சொல்வதே சரி. சீட்டுக்கட்டு வைத்து ஆடுகிறவர்களுக்கு இது ஒத்துவராது.

கொலுசுப்பட்டறை
செவ்வாய், காலை 10.40

எனக்கு இந்த ஃப்ரீசெல் எல்லாம் தெரியாது. எல்லாருக்கும் தெரிந்த சாதா சாலிடேர், ஏழு பத்தி, கவிழ்ந்த சீட்டு, மூன்று மூன்றாகப் புரட்டுவது, அதற்குச் சால்வர் உண்டா? பத்து ஆடினால் எட்டு தோற்கிறேன். கம்ப்யூட்டர் ஏமாற்றுகிறது என்று என் மைத்துனர் சொல்கிறார்.

நிரலன்
செவ்வாய், பகல் 1.30

ஏமாற்றவில்லை. ஆனால் அந்த ஆட்டத்துக்கு, கிளாண்டைக் என்பது அதன் பெயர், சால்வரை நம்பி இறங்காதீர்கள்.

தொடக்கத்தில் பத்திகளில் 28 சீட்டு. அதில் 21 கவிழ்ந்து கிடக்கின்றன. மீதி 24 கையில். சால்வருக்கு வேலை செய்ய அந்த 21-உம் என்னவென்று தெரிய வேண்டும். உங்களுக்குத் தெரியாது; தெரிந்தால் அது வேறு ஆட்டம். எல்லாச் சீட்டும் தெரியும் என்று வைத்துக்கொண்டு ஆராய்ந்து, மூன்று மூன்றாகப் புரட்டும் ஆட்டங்களில் சுமார் 82 சதவீதம் ஜெயிக்கக்கூடியவை என்று சார்லி பிளேக், இயன் ஜென்ட் இருவரும் 2019-இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். அவர்கள் எழுதிய சால்வரின் பெயர் சால்விடேர். இந்த 82-ஐப் பார்த்துவிட்டு ‘நான் 20-தானே ஜெயிக்கிறேன்’ என்று வருந்துவது வீண். அது கவிழ்ந்த சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஆடியவனின் கணக்கு.

அப்படிப் பார்த்துவிட்டு ஆடினாலும் மனிதனால் அந்த அளவை எட்ட முடிவதில்லை. 2004-இல் பெர்சி டயகோனிஸும் சகாக்களும் எழுதிய கட்டுரை ஒன்று இருக்கிறது. கைதேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் எல்லாச் சீட்டும் தெரிந்த நிலையில், ஆட்டத்துக்குச் சராசரி இருபது நிமிடம் எடுத்து, 2,000 ஆட்டம் ஆடியிருக்கிறார். ஜெயித்தது 36.6 சதவீதம். அவர்கள் எழுதிய நிரல் 70 சதவீதம் ஜெயித்தது.

கொலுசுப்பட்டறை
செவ்வாய், பகல் 1.42

இருபது நிமிடம் வீதம் இரண்டாயிரம் ஆட்டமா! அவர் வீட்டிலும் ஏரி பக்கத்தில் இருந்திருந்தால் பெட்டி தப்பியிருக்காது. மைத்துனரிடம் சொல்லிவிடுகிறேன்.

அஸ்தம்பட்டி வாத்தியார்
செவ்வாய், மாலை 5.50

சீட்டாட்டத்தையும் கணினியையும் முடிச்சுப் போட்ட பெரிய காரியம் ஒன்று கிளாண்டைக்கில் நடக்கவில்லை, கேன்ஃபீல்டு என்ற இன்னொரு தனியாட்டத்தில் நடந்தது. 1946-இல் ஸ்டானிஸ்வாஃப் உலாம் என்ற கணிதவியலாளர் நோயிலிருந்து தேறி வரும் நாட்களில் அதை ஆடிக்கொண்டிருந்தார். ஜெயிக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று காகிதத்தில் கணக்கிட முயன்று முடியாமல், நூறு ஆட்டம் ஆடி எண்ணிவிட்டால் என்ன என்று நினைத்தார். கணக்கிட முடியாததைக் கணினியில் குலுக்கல் போலப் பலமுறை ஓட்டி எண்ணிப் பார்க்கும் மான்டே கார்லோ முறை அங்கிருந்து பிறந்தது. சீட்டாடினால் உருப்பட மாட்டாய் என்று நான் பிரம்பைக் காட்டிய மாணவர்கள் இதைப் படிக்காமல் இருக்க வேண்டும்.

மலையடிவாரம்
ஞாயிறு, இரவு 8.15

மேலே போய் வந்தேன். நடந்ததை எழுதுகிறேன்.

லேப்டாப்பில் சால்வரை ஏற்றிக்கொண்டு காலைப் பஸ்ஸில் ஏறினேன். அங்கே பனிமூட்டம், சிக்னல் கிடையாது. நல்ல வேளை, இந்த மென்பொருளுக்கு இணையம் தேவையில்லை. அப்பாவிடம் எதுவும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து, “எங்கே அப்பா சிக்குகிறது?” என்றேன். ஆடிக் காட்டினார். காலியறை நான்கும் நிரம்பி, கையைத் தூக்கிவிட்டார். அந்த நிலையை அப்படியே எழுதிக் கொடுத்தேன். சால்வர் ஏற்க மறுத்தது. பத்து நிமிடம் கழித்துத்தான் தெரிந்தது, ஆட்டின் 6-ஐ இரண்டு முறை எழுதியிருக்கிறேன். அந்தப் பழைய திரையில் டைமனும் ஆட்டினும் ஒரே மாதிரி சிவப்புப் பொட்டாகத்தான் தெரிகிறது. இந்தத் திரையில் இவர் பன்னிரண்டாயிரம் ஆட்டம் எப்படி ஆடினார் என்றே புரியவில்லை.

சரிசெய்து கொடுத்ததும் ‘இல்லை’ என்றது. எக்ஸ்பியின் ஃப்ரீசெல்லில் ஒரே ஒரு நகர்வைத்தான் பின்வாங்க முடியும். அதனால் ஆட்டத்தை முதலிலிருந்து போடச் சொன்னேன். அவர் வழக்கமான வழியிலேயே ஆட, நான் நடுநடுவே நிறுத்தி எழுதிக் கொடுத்தேன். பத்தாவது நகர்வில் ‘உண்டு’. இருபதில் ‘இல்லை’. பதினைந்தில் ‘இல்லை’. பன்னிரண்டில் ‘உண்டு’. பதினான்கில் ‘இல்லை’. பதின்மூன்றில் ‘உண்டு’.

பதினான்காவது நகர்வு என்ன தெரியுமா? கஷ்டப்பட்டு ஒரு பத்தியைக் காலி செய்கிறார். செய்த கையோடு அதில் ஒரு சீட்டைத் தூக்கி வைத்துவிடுகிறார். இத்தனை நாளும், எல்லா முயற்சியிலும், அதே இடத்தில் அதே காரியம். அது அவருக்குத் தவறாகத் தோன்றவே இல்லை. காலி இடத்தைக் கண்டால் நிரப்ப வேண்டும் என்பது அவர் சுபாவம். வீட்டு அலமாரியும் அப்படித்தான்.

“பதினான்காவதில் விழுகிறீர்கள்” என்று மட்டும் சொன்னேன். விடையைச் சொல்லவில்லை. முகம் சுருங்கியது. “யார் சொன்னது?” என்றார். லேப்டாப்பைக் காட்டினேன். எழுந்து போய்விட்டார். மிளகுக் கொடியைப் பார்க்கிறேன் என்று வெளியே ஒரு மணி நேரம். திரும்பி வந்து உட்கார்ந்து, பத்தியைக் காலியாகவே விட்டு ஆடினார். இரண்டாவது முயற்சியில் முடிந்தது.

பிறகு சொன்னார்: “இது ஆடிட்டர் மாதிரி. கணக்கு எழுதாது, எழுதிய கணக்கில் எந்தப் பக்கம் இடிக்கிறது என்று விரலை வைத்துக் காட்டும். வருடத்துக்கு ஒரு முறை வரலாம். தினமும் வந்தால் ஆபீஸ் நடக்காது.”

அஸ்தம்பட்டி வாத்தியார்
ஞாயிறு, இரவு 8.50

காலிப் பத்தியின் மதிப்பை அவருக்கு இப்படிச் சொல்லுங்கள். மூன்று காலியறை இருந்தால் ஒரே மூச்சில் நான்கு சீட்டை நகர்த்தலாம். கூடவே ஒரு பத்தியும் காலியாக இருந்தால் எட்டு. காலியறை ஒவ்வொன்றும் ஒன்றைக் கூட்டுகிறது. காலிப் பத்தியோ இரண்டால் பெருக்குகிறது. பெருக்குகிறதைக் கொடுத்துவிட்டுக் கூட்டுகிறதைக் காப்பாற்றுவது நஷ்டக் கணக்கு. கணக்கருக்கு ஒரு தரம் சொன்னால் போதும்.

பாருங்கள், இந்தக் காரணத்தைச் சால்வர் சொல்லவில்லை. இடத்தைக் காட்டியது; காரணத்தை அவரே மிளகுக் கொடியருகில் நின்று கண்டுபிடித்தார்.

தறிச்சத்தம்
ஞாயிறு, இரவு 9.30

ஒன்பதாவது நாளுக்குப் பிறகு என்பதால் மன்னிக்கிறேன். முதல் நாளே கொடுத்திருந்தால் அந்த ஒரு மணி நேரம் அவர் வெளியே போயிருக்க மாட்டார்.

அஸ்தம்பட்டி வாத்தியார்
திங்கள், காலை 6.40

இரவு படுத்த பிறகு ஒரு விஷயம் உறைத்தது, தூக்கம் போய்விட்டது.

சால்வர்கள் பரவலாவதற்கு முன்பே இந்த ஆட்டத்தின் எண்களை எல்லாம் மனிதர்கள் கையால் ஆடிப் பார்த்துவிட்டார்கள். பழைய பதிப்பில் 32,000 ஆட்டங்கள்தான். 1994-இல் டேவ் ரிங் என்பவர் அவற்றைக் கூறுபோட்டு இணையத்தில் தன்னார்வலர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார். ஒருவருக்கு முடியாததை இன்னொருவருக்குத் தள்ளி, அவருக்கும் முடியாததை மற்றவருக்குத் தள்ளி, 1995-இல் வேலை முடிந்தபோது ஒரே ஓர் ஆட்டம் மிஞ்சியது. பிறகு வந்த சால்வர்களும் எல்லா வழியையும் தேடிப் பார்த்து அதற்கு விடை இல்லை என்றே சொல்லிவிட்டன.

அந்த எண் 11982. அம்மா, உங்கள் அப்பா இப்போது 11,938-இல் இருக்கிறார்.

கொலுசுப்பட்டறை
திங்கள், காலை 9.05

ஐயோ.

மலையடிவாரம்
திங்கள், காலை 9.20

ஜெயிக்காமல் அடுத்த எண்ணுக்குப் போக மாட்டார் என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறேனே. இப்போது என்ன செய்வது? இன்னும் 44 ஆட்டம். மழைக்காலம் வேறு. மூன்று வாரம்கூட ஆகாது.

நிரலன்
திங்கள், பகல் 1.05

சொல்லிவிடுங்கள். சால்வர்களால் விளைந்த பெரிய பயன் இது ஒன்றுதான் என்பேன். விடை இருப்பதை நானும் நீங்களும் ஆடியே நிரூபித்துவிடலாம். விடை இல்லை என்பதை ஆடி நிரூபிக்க முடியாது. ஆயிரம் முறை தோற்றாலும் ஆயிரத்தோராவது பாக்கி இருக்கும். அதை முடித்து வைக்க இயந்திரத்தால்தான் முடியும். எக்ஸ்பியில் உள்ள பத்து லட்சம் எண்களில் இப்படி எட்டுதான் இருக்கின்றன. இவர் பாதையில் அதில் முதலாவது.

தறிச்சத்தம்
திங்கள், இரவு 8.45

சொல்லக் கூடாது. முதலில் அவர் மோதட்டும். மோதாமலே ‘முடியாது’ என்று எவனோ சொன்னதைக் கேட்டு நோட்டில் ஒரு வரியை விட்டுவிட்டுப் போகிற ஆளா அவர்? வந்து கேட்டால் சொல்லுங்கள். கேட்காவிட்டால் அவர் பாடு.

கொலுசுப்பட்டறை
திங்கள், இரவு 8.58

கேட்காவிட்டால் அம்மா பாடு. ஏரிதான் கதி.

மலையடிவாரம்
வியாழன், இரவு 9.15

ஒரு மாதம் கழித்து வருகிறேன். அண்ணன் சொன்னபடியே விட்டுவிட்டேன். சொல்லப்போனால் வாய் வரவில்லை.

11982-க்குப் போன மாதக் கடைசியில் வந்து சேர்ந்தார். முதல் நாள் நான்கு முறை. இரண்டாம் நாள் ஆறு. காலிப் பத்தியை எல்லாம் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றினாராம். பன்னிரண்டாம் நாள் அவரே போன் செய்தார். “உன் ஆடிட்டரை அழைத்துக்கொண்டு வா” என்றார்.

போனேன். எண்ணைக் கொடுத்தேன். மற்ற ஆட்டங்களுக்குக் கண் சிமிட்டும் நேரம்; இது சற்று ஓடியது. அவர் என் தோள் வழியாகத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘இல்லை’ என்று வந்தது. “தேடிக் களைத்துச் சொல்கிறதா, தேடி முடித்துச் சொல்கிறதா?” என்று கேட்டார். நிரலன் சொன்ன வித்தியாசத்தை எப்போதோ போனில் அவரிடம் சொல்லியிருக்கிறேன், மறக்கவில்லை. “தேடி முடித்து” என்றேன். 1994-இல் ஊரெல்லாம் சேர்ந்து ஆடி மிச்சம் வைத்த ஆட்டம் இது என்பதையும் சொன்னேன். அதில் கொஞ்சம் திருப்திதான் தெரிந்தது.

நோட்டை எடுத்தார். 11982 என்று எழுதினார். தேதி. மூன்றாவது கட்டத்தில் சிவப்பு மையில் ‘வாராக் கடன்’ என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். என்னையும் சாட்சிக்கு ஒரு சுருக்கொப்பம் போடச் சொன்னார். 11983-ஐ அன்று சாயங்காலமே முதல் முயற்சியில் முடித்துவிட்டார்.

தறிச்சத்தம்
வியாழன், இரவு 9.40

பன்னிரண்டு நாள் போராடிவிட்டுக் கூப்பிட்டாரே, அதுதான் மனுஷன்.

அஸ்தம்பட்டி வாத்தியார்
வெள்ளி, காலை 6.20

அடுத்த வாராக் கடன் 146692-இல் இருக்கிறது. இடையில் 1,34,709 ஆட்டம். நாளைக்கு இரண்டு வீதம் ஆடினால் ஏறத்தாழ 184 வருடம். அதுவரை ஆடிட்டரைக் கூப்பிட வேண்டிய அவசரம் இல்லை என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.

மலையடிவாரம்
வெள்ளி, இரவு 7.30

சொன்னேன் ஐயா. மழை நாட்களை வாத்தியார் கணக்கில் சேர்க்கவில்லை என்கிறார்.